கார்புரேட்டர் உன்கிட்ட, மீதி எங்ககிட்ட

உதை, உதை, நல்லா உதை. உன் கால்தானே, எனக்கென்ன. சட்டையைக் கழட்டி ஜன்னல் கம்பியில மாட்டினதுலேர்ந்து பாத்துட்டுத்தான் இருக்கேன், உதைக்கறதைத் தவிர வேற ஒண்ணும் பண்ணல நீ. வந்த, வண்டியை வாசலுக்குத் தள்ளின, கார்புரேட்டரைப் பொருத்தின, ரெண்டு திருகு திருகின, கையைத் தட்டிக்கிட்டு ஏறி நின்னுட்ட. என்னமோ நேத்து சாயங்காலம் நிறுத்தி வெச்ச வண்டி மாதிரி. மூச்சு வாங்குதா? வாங்கட்டும். உங்க குடும்பத்துல மூளைக்கு வேலை கொடுக்கற பழக்கமே கிடையாது. காலு, கையி, வாயி, இதோட முடிஞ்சுது.

என்ன முறைப்பு? அண்ணிதானே பேசறேன், அடுத்த வீட்டுக்காரியா பேசறா? சொல்றதைக் கேளு. ஃபோன்ல சொன்னதைத்தான் திரும்பச் சொல்றேன். நாலு மணிக்கு இரும்புக்கடைக்காரன் வர்றான். அதுக்குள்ள இது ஸ்டார்ட் ஆச்சுன்னா நீயே ஓட்டிட்டுப் போ. உங்க அப்பா வண்டி, உன் வீட்டு வாசல்ல நிறுத்தி வெச்சு அழகு பாரு. ஆகலன்னா எடைக்குப் போயிடும். மாடிப்படிக்கு அடியில இதுக்கு மேல இதைக் கட்டிக்கிட்டு அழ என்னால முடியாது. பின்னாடி ரூமுக்குப் போகணும்னா நான் வயித்தை எக்கிக்கிட்டுப் பக்கவாட்டுல நகர்ந்து போறேன். ஹாண்டில்பார்ல இடிச்சு இடிச்சு என் இடுப்புல ஒரே இடத்துல காய்ச்சுப் போச்சு.

உங்க அண்ணனா? வெளிய போயிருக்காரு. வேலையாத்தான். சாயங்காலம்தான் வருவாரு, அதுவரைக்கும் நீ தைரியமா நிக்கலாம். நீ வந்திருக்கறதே அவருக்குத் தெரியாது. கொஞ்சம் மெதுவாப் பேசு, உள்ள பொண்ணு படிச்சிட்டிருக்கா, பரீட்சை. எந்தப் பொண்ணுன்னு கேக்கற பாரு, அதான் உன் லட்சணம். உன் அண்ணன் பொண்ணுடா. நீ கடைசியாப் பாத்தப்போ தரையில தவழ்ந்துட்டிருந்தா. இப்ப உன் தோள் உயரம் இருக்கா. சித்தப்பான்னா ஃபோட்டோவுல ஓரமா நிக்கற ஆளுன்னு நெனச்சிட்டிருக்கா.

சரி, இறங்கு. அந்த டாங்க் மூடியைத் திறந்து மோந்து பாத்தியா? பாக்கல. பெட்ரோல் கெட்டுப் போகுமான்னா கேக்கற? நல்லாக் கேட்ட போ. ஆபீஸ்ல பத்துப் பேரை மேய்க்கறியாம், பேசினா ஊரே கேக்குமாம், பெட்ரோல் கெட்டுப் போகுமான்னு தெரியாது. திற. மூக்கைக் கிட்டக் கொண்டு போ. என்ன வாசனை வருது? பழைய வார்னிஷ் வாசனைதானே? அதைக் குடிச்சுட்டு வண்டி ஓடணும் உனக்கு. கீழ அந்தக் குழாயைப் புடுங்கு. அந்தப் பெயிண்ட் டப்பாவை அடியில வை. பாத்து, பாத்து, என் வாசல்ல கொட்டாத. வருதா? பால் விடாத டீ கலர்ல வருது பாரு, மேல துரு வேற மிதக்குது. இந்தா, பாட்டில்ல புதுசு வாங்கி வெச்சிருக்கேன். கொஞ்சம் ஊத்தி, டாங்கைப் புடிச்சுக் குலுக்கி, அதையும் கொட்டிடு. அப்புறமா மீதியை ஊத்து.

எனக்கு எப்படித் தெரியுமா? எல்லாம் உங்க அண்ணன் புண்ணியம். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டு மாடிப்படிக்கு அடியில போய் இதுக்கு எதிர்ல உக்காந்துடுவாரு. தொடமாட்டாரு. ஒரு துணியை எடுத்துத் தூசி தட்டமாட்டாரு. வெறுமனே உக்காந்து பேசுவாரு. மொதல்ல பழைய பெட்ரோலை எடுத்துடணும். ப்ளக்கைக் கழட்டி அந்த ஓட்டையில கொஞ்சூண்டு எண்ணெய் விடணும். உதைக்கவே கூடாது, உள்ள காஞ்சு கெடக்கும், உதைக்கற பெடலைக் கையால மெதுவா அழுத்தித் தரணும். இப்படியே கடைசி வரைக்கும் சொல்லிட்டு, ஆனா கார்புரேட்டர் அவன்கிட்டல்ல இருக்கு, அவன் கொண்டு வரட்டும்னு எழுந்து குளிக்கப் போயிடுவாரு. இவ்வளவு வருஷமா இதே பாட்டு. எனக்கு மனப்பாடம் ஆகாம என்ன பண்ணும்?

எண்ணெயெல்லாம் நேத்தே நான் விட்டுட்டேன், அதனாலதான் நீ உதைச்ச உதைக்கு இன்ஜின் இன்னும் உசுரோட இருக்கு. கடையில புதுக் கார்புரேட்டர் கிடைக்குமே, ஒண்ணு வாங்கி மாட்டுங்களேன்னு ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். ஒரு வாரம் என்கூடப் பேசல. எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துது.

சிரிக்காத. நீ மட்டும் என்ன யோக்கியம்? எதை நெனச்சாலும் நெனைப்பேன், அன்னிக்கு நடந்ததை நெனச்சா மட்டும் தலையில அடிச்சுக்கத் தோணும். உங்க அப்பா போயி, வந்த ஜனம்கூட இன்னும் கிளம்பல. கூடத்துல உக்காந்துக்கிட்டு வண்டி எனக்குன்னு நீ. வண்டி எனக்குன்னு அவரு. அப்பா என்கிட்டத்தான் சொன்னாரு, உனக்குத்தான்டா வண்டின்னு. இல்ல, என்கிட்டத்தான் சொன்னாரு. மனுஷன் ரெண்டு பேருகிட்டயும் தனித்தனியா சொல்லி வெச்சுட்டு நிம்மதியாப் போய்ச் சேந்துட்டாரு. அவருக்கென்ன, உயிரோட இருந்த வரைக்கும் ரெண்டு பேரும் போட்டி போட்டு டீ வாங்கிக் கொடுத்தீங்க.

வீட்டைப் பிரிச்சீங்க, ஒரு வார்த்தை இல்ல. பாத்திரம் பண்டம், பீரோ, கட்டில் எல்லாம் பிரிச்சீங்க, முகம் சுளிக்கல. அந்த ஓட்டை வண்டியில வந்து நின்னுது சண்டை. பெரிய மாமா ஒரு கட்டத்துல வெறுத்துப் போயி, ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்கடா, ஆளை விடுங்கடான்னாரு. அந்த மனுஷன் கிண்டலுக்குச் சொன்னாரு. கூடத்துல இருந்த அத்தனை பேருக்கும் அது கிண்டல்னு புரிஞ்சுது. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் அது தீர்ப்பு. நீ ஸ்பானரை எடுத்துட்டு வெளிய போன. எல்லாரும் பாத்துட்டிருக்கறப்பவே உக்காந்து கார்புரேட்டரைக் கழட்டின. இது இல்லாம எப்படி ஓட்டறான்னு பாக்கறேன்னு சொல்லிட்டு அதைப் பிஸ்கட் டப்பாவுல போட்டுக்கிட்டு உன் பொண்டாட்டியோட கிளம்பின. இவரு கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டு, இது இல்லாம அவன் அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றான்னு பாக்கறேன்னாரு. ரெண்டு வீம்பு புடிச்ச கழுதைங்க. யாரும் ஒண்ணும் ஓட்டல, யாரும் ஒண்ணும் பாக்கல, நான்தான் அந்தப் பக்கம் போறப்பல்லாம் இடிச்சுக்கிட்டேன்.

அந்தக் கார்புரேட்டர்தான் எங்க, காட்டு. ஆமா, மறுபடியும் கழட்டு. பெட்ரோல் சொட்டுது பாரு, கண்ணு தெரியலயா? ஒழுகறதை வெச்சு எப்படி ஓட்டுவ? கொடு இப்படி. அம்மாடி. வெளிய என்ன பளபளப்பு. பாலீஷ் போட்டியா? போட்டிருக்க, நகக்கண்ணுல வெள்ளை வெள்ளையா நிக்குது. எப்ப போட்ட, நான் ஃபோன் பண்ணின பிறகா? அதுக்கு முந்தியேவா? வருஷா வருஷமா? எதுக்கு? அது உனக்கு வேணவே வேணாமே, அவன் எப்படி ஓட்டறான்னு பாக்கத்தானே எடுத்துட்டுப் போன. உன் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலயா? பாவம், அவளும் என்னை மாதிரிதான் போல, ஒரு கிறுக்குக்கிட்ட மாட்டியிருக்கா.

சரி, கீழ் மூடியைக் கழட்டு. இத்தனை வருஷத்துல இதை ஒரு தடவையாவது திறந்து பாத்தியா? பாக்கமாட்ட. வெளிய பளபளன்னு இருந்தாப் போதும் உனக்கு. பாரு உள்ள. பச்சையாக் கோந்து மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு. அன்னிக்கு இருந்த பெட்ரோலோட அப்படியே டப்பாவுல போட்டு மூடியிருக்க. நாத்தம் வந்திருக்குமே, அதுகூடத் தெரியலயா? இதுக்குத்தான் இந்த பாலீஷ். பழைய டூத் பிரஷ் அங்க இருக்கு, எடு. பெட்ரோல்ல நனைச்சுத் தேய். அந்தப் பொடி ஊசி இருக்கு பாரு, அது மேலயும் கீழயும் சுளுவாப் போகணும். சிக்கிச்சுன்னா பெட்ரோலை நிறுத்தாது, அதான் சொட்டுது. இன்னொண்ணு, பித்தளையில குட்டியா ஒரு திருகு மாதிரி இருக்கும், நடுவுல ஓட்டையோட. ஜெட்டு. அதைக் கழட்டி வெளிச்சத்துல புடி. வெளிச்சம் தெரியுதா? தெரியாது. அடைச்சுக்கிட்டிருக்கு. இந்தா, ஒயர்லேர்ந்து ஒரு இழை உரிச்சு வெச்சிருக்கேன், மெல்லிசா. குத்தாத, குடையாத, மெதுவா விட்டு எடு. ஓட்டை பெருசாச்சுன்னா அதுவும் குட்டிச்சுவர். ஊது. இப்ப? தெரியுதா? தெரியுதுல்ல. மூஞ்சியைப் பாரு, இவரே கண்டுபிடிச்ச மாதிரி.

ப்ளக்கைக் கழட்டி இன்ஜின் மேல வெச்சுப் பாத்தியா, பொறி வருதான்னு? பாரு. நான் உதைக்கவா? வேணாம், நீயே கையால அழுத்து. வரல. துடை, உப்புத்தாள்ல தேய், மறுபடியும் பாரு. வரலயா? ஐயோ, உடனே வாயைத் திறந்துட்டான், காயில் போச்சுன்னு. காயில் போச்சாம். எங்க, கொஞ்சம் நகரு. ஹாண்டில்பார்ல வலது பக்கம் சிவப்பா ஒரு சுவிட்ச் இருக்கு, தெரியுதா துரைக்கு? அது எந்தப் பக்கம் இருக்கு? ஆஃப். ஆஃப்ல வெச்சுக்கிட்டுத்தான் அரை மணி நேரமா உதைச்சிருக்க. உங்க அண்ணன் வேலைதான் அது. வர்றவன் போறவன் யாரும் ஸ்டார்ட் பண்ணிடக்கூடாதாம். கார்புரேட்டரே இல்லாத வண்டியை எவன்டா ஸ்டார்ட் பண்ணப் போறான்? ஒருத்தனுக்கு ஒருத்தன் சளைச்சவன் இல்ல. போடு ஆன்ல. இப்ப அழுத்து. வந்துதா? நீலமா வந்துதா? வாயைத் தொறந்து சொல்லு.

பாட்டரியை விடு, அது செத்து ரொம்ப நாளாச்சு. அது இல்லாமலே உதைச்சாக் கிளம்பும். கிளம்பின பிறகு புதுசு வாங்கிக்க.

இரு இரு, மாட்டறதுக்கு முன்னாடி காத்து வர்ற அந்தப் பெட்டியைத் திற. சீட்டுக்குக் கீழ. திறன்னா திற, ஏன் எதுக்குன்னு கேக்காத. ச்சீ! என்ன, குதிக்கற? செத்த எலி இல்ல, வெறும் கூடுதான். இந்தா குச்சி, இழுத்துப் போடு. சீட்டோட பஞ்சு, என் பொண்ணோட நோட்டுப் பேப்பர், அது என்ன, என் துணியா? இதைத்தான் நான் வீடு பூராத் தேடினேன். எலி எவ்வளவு சௌகரியமா இருந்திருக்கு பாரு. உங்க சண்டையில நல்லா இருந்தது அது ஒண்ணுதான்.

டாங்க்ல என்ன பாக்கற? ஓ, அந்தக் கீறலா. அது நீ போட்டது. தெரியும், அவரு சொல்லியிருக்காரு. உங்க அப்பா வீடு வீடா கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கப் போறப்போ லீவு நாள்ல உங்களையும் ஏத்திக்கிட்டுப் போவாராமே. சின்னவன் டாங்க் மேல, பெரியவன் பின்னாடி. உன் பெல்ட் பக்கிள் பட்டுக் கீறினது அது. அடி விழுமேன்னு உங்க அண்ணன் தான் கீறினதா சொல்லி அடி வாங்கினாராம். உனக்கு அது தெரியாதா? தெரியாதுன்னு நெனச்சேன். ஆனா இதைச் சொல்றப்போ அவரு உன்னைத் திட்டினதே இல்ல. அதுக்கு மறுநிமிஷம் திட்டுவாரு, அது வேற.

மாட்டு, மாட்டு. கையைத் துடைச்சுக்கிட்டு மாட்டு. நேரமாகுது. கிளிப்பை இறுக்கு. குழாயைத் திறந்து விடு. ஒழுகுதா? ஒழுகல. சோக்கை இழு. இப்ப ஆக்ஸிலேட்டரைத் தொடாம ரெண்டு தடவை மெதுவா. ம். இப்ப உதை. மறுபடியும். இருமிச்சு, கேட்டுதா? ஏ, கேட்டுதா? அது உசுரோடதான் இருக்கு. சோக்கைப் பாதி விடு. கால் நழுவாம உதை. வியர்வையைத் துடைச்சுக்க, கண்ணுல விழுது. இந்தத் தண்ணியைக் குடிச்சுட்டு உதை. வயசாயிடுச்சு உனக்கும், பாத்தா தெரியுது. தொப்பையைப் பாரு. இன்னும் ஒரு தடவை. கோவத்தை அது மேல காட்டாத, அது உனக்கு ஒண்ணும் பண்ணல. இன்னும் ஒண்ணு. இன்னும் ஒண்ணு போடு.

ஆங்!

ஓடுது! அட, ஓடுதுடா! புகையைப் பாரு, தெருவே தெரியல. அது அந்த எண்ணெய், எரிஞ்சு போயிடும். விடாத, லேசாப் புடிச்சுக்க. கேளு அதை. இந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு. என்ன இளிப்பு, பல்லை மூடு. நீயும்தான் பெரிய மெக்கானிக்.

ஏய் ஏய், நிறுத்தாத! கையை எடு அந்த சுவிட்ச்லேர்ந்து. ஓடட்டும். இன்னும் கொஞ்சம் முறுக்கு, சத்தம் வரட்டும். கிட்ட வா. இன்னும் கிட்ட. இது கத்திட்டிருக்கறப்பவே சொல்லிடறேன், உள்ள பொண்ணுக்குக் கேக்கக்கூடாது.

இரும்புக்கடைக்காரன் எவனும் வரல. நான் சொன்ன பொய் அது. அண்ணனுக்கு உடம்பு சரியில்ல, வான்னு கூப்பிட்டிருந்தா நீ வந்திருப்பியோ மாட்டியோ, எனக்குத் தெரியாது. உன்னை நம்பிப் பாக்கற அளவுக்கு எனக்கு நாள் இல்ல. அப்பா வண்டியை எடைக்குப் போடறேன்னு சொன்னா விழுந்தடிச்சு வருவன்னு மட்டும் தெரியும். சொன்னேன், வந்துட்ட.

அவரு வேலையாப் போகல. ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. கையில ஊசியைக் குத்தி மெஷின்ல விட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க. வாரத்துல பாதி நாள் இதான். ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. பொண்ணுகிட்ட முதுகுவலிக்கு வைத்தியம்னு சொல்லி வெச்சிருக்கோம், பரீட்சை முடியட்டும்னு. என்னோடதைத் தர்றேன்னு போய் நின்னேன், எனக்கு சர்க்கரை இருக்குன்னு வேணாம்னுட்டாங்க. உன்னோடது ஒண்ணு வேணும். ஒத்துப்போகுதான்னு மொதல்ல பாக்கணும். வீட்டுல போய் உன் பொண்டாட்டியைக் கேளு, அவ சம்மதம் இல்லாம ஒண்ணும் பண்ண வேணாம். முடியாதுன்னா என் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லிட்டு இதை ஓட்டிட்டுப் போயிடு. வண்டி உனக்குத்தான், அந்தப் பேச்சுல மாத்தம் இல்ல. நான் கேட்டேன்னு மட்டும் அவருக்குத் தெரியக்கூடாது.

அவரு உன்னைக் கேக்கமாட்டாரு. டாக்டர் கேட்டாரு, கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களான்னு. யாரும் இல்லன்னுட்டாரு. நான் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கேன், என் முகத்தைக்கூடப் பாக்கல. வெளிய வந்ததும் பையை மறந்துட்டேன்னு சொல்லித் திரும்ப உள்ள போனேன். ஒரு தம்பி இருக்கான் டாக்டர், கொஞ்சம் மடையன், ஆனா இருக்கான்னு சொல்லிட்டு வந்தேன்.

என்ன, முறுக்கிட்டே இருக்க? அழறதா இருந்தா இப்பவே அழுதுடு, வண்டி ஓடிட்டிருக்கறப்பவே. நிறுத்தினா அவளுக்குக் கேட்டுடும்.